மலைக்காரம்மா வீட்டு மாட்டுப்பட்டி

பச்சமலையின் கிழக்கு அடிவாரத்தில் தார்ச்சாலை முடிந்த பிறகு இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. அதுவும் முடிகிற இடத்தில் கருவேல முள் வேலி போட்ட ஒரு மாட்டுப்பட்டி. பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டம். பட்டிக்கு மேற்கே காப்புக்காடு. கிழக்கே மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கரிசல் காடு. பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது.

காலை நாலு மணிக்கே பட்டி விழித்துவிடுகிறது. முதலில் கன்றுகள் கத்தும். பிறகு சாணி அள்ளும் கூடை உரசும் சத்தம். ஐந்தரைக்குள் பாலைக் கறந்து, மொபெட்டில் கேனைக் கட்டி, பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வரவேண்டும். மலைச்சரிவில் வெயில் விழும்போது பாதி நாள் வேலை முடிந்திருக்கும்.

அந்த வீட்டு அம்மாவுக்குக் கீழே ஊரில் பெயர், ‘மலைக்காரம்மா’. அவருடைய கணவருக்கு மலைமேலே பெயர், ‘கீழ்நாட்டு மாப்பிள்ளை’. அவருடைய சொந்த ஊர்ப் பக்கமான அரியலூர் மாவட்டத்துத் திருமானூர் வட்டாரத்தில் அவர் ‘கிடைக்காரர்’. மூன்று இடத்தில் மூன்று பெயர். மகளுக்கு மட்டும் எங்கே போனாலும் ஒரே பெயர்: ‘பாப்பா’. பதினேழு வயதாகிறது. பிளஸ் டூ முடித்துவிட்டாள்.

கடந்த ஜூன் மாதம் முழுக்க பாப்பா பட்டிக்குப் பின்னால் உள்ள பாறையில் ஏறி நின்றபடியே இருந்தாள். அங்கே மட்டும்தான் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தாள். அதற்கான குறுஞ்செய்தி வரவேண்டும். கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க அது வேண்டும். அந்தச் சான்றிதழில் என்ன எழுதப்படும் என்பதுதான் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயமாக இருந்தது.

மாடு சேர்த்து வைத்த சம்பந்தம்

கிடைக்காரரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மாட்டுக்கிடை போடுகிற குடும்பம். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் கொள்ளிடக் கரை வயல்கள் காலியாகும். அப்போது மாடுகளை ஓட்டிப் போய் ராத்திரிக்கு வயலில் மடக்குவார்கள். சாணமும் கோமியமும் அந்த மண்ணுக்குப் போகும். நாளைக்கு ஒரு வயல், மறுநாள் அடுத்தது. முன்பெல்லாம் கூலி நெல்லாகக் கிடைத்தது, இப்போது பணம்.

ஆடி மாதம் புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் வந்து, நாற்றும் விட்டுவிட்டால் மாட்டுக்கு அங்கே இடம் கிடையாது. வரப்பில் வாய் வைத்தாலே சண்டை வரும். அதனால் ஆனி கடைசியிலேயே மேட்டு நிலம் தேடிக் கிளம்ப வேண்டும். அரியலூர், பெரம்பலூர் வழியாகப் பச்சமலை அடிவாரம் வரை 80 கிலோமீட்டருக்கு மேல். மேய்த்துக்கொண்டே நடந்தால் ஆறேழு நாள் ஆகும். ‘தாழ நெல்லு இருந்தா மேல புல்லு இருக்கும்’ என்பது அவர் அப்பாவின் கணக்கு.

அப்படி வந்த ஒரு வருஷத்தில்தான் அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். மலையிலிருந்து பலாப்பழமும் சாமையும் சுமந்து சந்தைக்கு இறங்குகிறவர்களில் ஒருத்தி. இறங்கும்போது மோர் கேட்பாள். ஏறும்போது காசு தருவாள். மூன்றாவது வாரத்திலிருந்து அவர் காசு வாங்கவில்லை. “அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு” என்று மலைக்காரம்மா இப்போதும் சிரிக்கிறார்.

அவர் மலையாளி சமூகத்தைச் சேர்ந்தவர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சமலை என்று மலைகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடிகள் இவர்கள். அங்கே ஆண்கள் பெயரோடு கவுண்டர் என்ற பட்டம் வரும். கிடைக்காரர் கோனார் வீட்டுப் பிள்ளை. அரசுப் பட்டியலில் அவர் பிற்படுத்தப்பட்டோர். அவருடைய மனைவி பழங்குடி.

2004-ல் ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாசலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். மற்ற நாள்களில் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பதாக ஐதீகம். ‘அவளுக்கே மலையில ஒரு வீடு, கீழ ஒரு வீடு’ என்று சொல்லித்தான் அந்தக் கோயிலைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்கிறார் கிடைக்காரர்.

இரண்டு வீடும் கதவைச் சாத்தின. கீழே, ‘மலைக்காரிய எப்படிடா சேத்துக்குறது’ என்றார்கள். மேலே, ‘பரியம் போடாம பொண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டான்’ என்றார்கள். மலை வழக்கப்படி மாப்பிள்ளை வீடுதான் பெண்ணுக்குப் பரியம் தர வேண்டும். இது தெரிந்ததும் கிடைக்காரர் ஒரு சினைப் பசுவை ஓட்டிக்கொண்டு தனியாக மலையேறினார். ஊர்க்கவுண்டர் முன்னால் கட்டிவிட்டு நின்றார். அந்தப் பசு ஈன்றது கிடேரி. அதன் வம்சம் இன்றும் மாமியார் வீட்டிலும் இருக்கிறது, பட்டியிலும் இருக்கிறது.

கீழே சமாதானமாக இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. 2007 ஜனவரியில் பாப்பா பிறந்த பிறகுதான் அப்பாயி வந்து எட்டிப் பார்த்தார்.

ஊர் நகரவில்லை, மாவட்டம் நகர்ந்தது

கிடைக்காரர் பிறந்தது திருச்சி மாவட்டத்தில். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது அவர் ஊர் அதற்குள் போனது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். “நான் வீட்டை விட்டு எந்திரிக்கவே இல்ல, நாலு வாட்டி மாவட்டம் மாறிட்டேன்” என்பார். கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே மாவட்டம். பாப்பாவுக்கு ஒரு வயது முடிவதற்குள் அப்பா ஒரு மாவட்டம், அம்மா ஒரு மாவட்டம்.

பட்டியில் வளர்ந்த பாப்பாவுக்கு இரண்டு பக்கமும் வீடு இருந்தது. பள்ளி விடுமுறையில் பாதி அம்மாயி வீட்டில்: சாமைச் சோறு, பலாக்கொட்டைக் குழம்பு, மலைமேல் மாரியம்மன் திருவிழா. மீதிப் பாதி அப்பாயி வீட்டில்: கொள்ளிடக் கரை, ஆற்று மீன், களத்தில் படுக்கை. மழைக்கு முன்னால் எறும்பு எந்தப் பக்கம் போகும் என்று அம்மாயி சொல்லிக்கொடுத்தார். கண்ணைக் கட்டிவிட்டால்கூட சாணி வாசனையில் மாட்டின் வயிற்றுக் கோளாறைச் சொல்ல அப்பாயி கற்றுக்கொடுத்தார்.

ஆனால் பள்ளியில் அவள் ‘மலைக்காரி’தான். ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை அவள் கொண்டுபோன சோற்றைப் பார்த்து மூக்கைப் பொத்தியது. ‘கோனார் வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிக்கோயேன்’ என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. அவள் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். “அம்மாவை மறைக்கிற மாதிரி இருக்கும்ல.”

பன்னிரண்டு வயதில் பாப்பா பட்டியில் ஒரு பிரசவம் பார்த்தாள். மயிலைப் பசுவுக்குக் கன்று திரும்பியிருந்தது. அப்பா கிடையோடு கொள்ளிடத்தில். மருந்தகத்துக்குப் போன் போட பாறைக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். டாக்டர் வந்து சேர இரண்டு மணி நேரம். அவர் வரும்வரை என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று போனில் கேட்டதை ஒன்றுவிடாமல் செய்தாள். கன்று பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. அன்றைக்கு முடிவு செய்ததுதான் கால்நடை மருத்துவம்.

காதுவில்லையில் உண்டு, படிவத்தில் இல்லை

பட்டி மாடுகளின் காதில் மஞ்சள் வில்லை தொங்குகிறது. பன்னிரண்டு இலக்க எண். ஆதார் மாதிரியேதான். வில்லை போட வந்தவர்கள் ஒவ்வொரு மாட்டுக்கும் இனம் கேட்டு எழுதினார்கள். செவலை நாட்டு மாடு. கருப்பி கலப்பினம், ஜெர்சி ஒட்டு. எழுதி முடித்துப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

“மாட்டுக்குக்கூட கலப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. எனக்கு மட்டும் இல்ல” என்றாள் பாப்பா. சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை.

சான்றிதழ்ப் படிவத்தில் ஒரு சமூகத்தைத்தான் எழுத முடியும். சின்ன வகுப்பில் படித்தபோது ஓர் அலுவலகத்தில் விசாரித்தார்கள். ‘அப்பா சாதிதானே பிள்ளைக்கு, இதுல என்ன கேள்வி’ என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். அதோடு விட்டுவிட்டார்கள். இப்போது விட முடியாது.

மலைக்காரம்மா படித்தது மலைமேல் உள்ள உண்டு உறைவிடப் பள்ளியில். அங்கே பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்தான் விஷயத்தைப் புரியவைத்தார். கலப்பு மணம் செய்தவர்களின் பிள்ளைகள் தாய், தந்தை இருவரில் ஒருவருடைய சமூகத்தில் சான்று பெறலாம் என்பது தமிழ்நாட்டில் பல காலமாக உள்ள நடைமுறை. ஆனால் பழங்குடிச் சான்று மற்றச் சான்றுகளைப் போல வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடியாது. கோட்டாட்சியர் விசாரித்து வழங்க வேண்டும். போலிச் சான்றுகள் நிறைய வந்ததால் விசாரணையும் கடுமை.

2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பையும் ஆசிரியர் விளக்கினார். குஜராத் வழக்கு. அப்பா பழங்குடி அல்ல, அம்மா பழங்குடி. மகனுக்குப் பழங்குடி ஒதுக்கீட்டில் ரேஷன் கடை கிடைத்தது. பிறகு சான்று ரத்தானது. வழக்கு டெல்லி வரை போனது. தந்தையின் சாதிதான் பிள்ளைக்கு என்று முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதுவே முடிவு அல்ல என்றது நீதிமன்றம். பிள்ளை தாயின் சமூகத்தில் வளர்ந்ததா, அந்தச் சமூகத்துக்கு நேர்ந்த இழிவையும் இல்லாமையையும் அதுவும் அனுபவித்ததா, அந்தச் சமூகம் அதைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டதா? இதையெல்லாம் நிரூபிக்கப் பிள்ளைக்கு வாய்ப்புத் தரவேண்டும் என்று சொன்னது.

பாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “சார், தமிழ்நாட்டுல எஸ்.டி.க்கு ஒரு சதவீதம்தான். நான் வாங்குனா மலையில இருக்குற வேற ஒரு பொண்ணுக்கு இடம் போயிடாதா?”

ஆசிரியர் கொஞ்ச நேரம் யோசித்தார். “உன்னைப் பள்ளிக்கூடத்துல மலைக்காரின்னு கூப்பிட்டப்போ, பாதி மலைக்காரின்னா கூப்பிட்டாங்க?” என்றார்.

தூரத்து மாட்டுப்பண்ணை

குறுஞ்செய்திக்காகப் பாறையில் காத்திருக்கும் நேரத்தில் பாப்பா யூடியூபில் ஆஸ்திரேலிய மாட்டுப்பண்ணை வீடியோக்களைப் பார்ப்பாள். நம் மாவட்டங்களைவிடப் பெரிய பண்ணைகள் அங்கே உண்டு. ஹெலிகாப்டரில் மாடு ஓட்டுகிறார்கள். வேடிக்கையாகத்தான் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு வீடியோ இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போனது.

வட ஆஸ்திரேலியாவில் அந்தப் பண்ணைகளை நடத்திக்காட்டியது அந்த மண்ணின் பூர்வகுடிகளின் உழைப்பு. அங்கே வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் பூர்வகுடித் தாய்க்கும் பிறந்த பிள்ளைகள் நிறைய. அந்தப் பிள்ளைகளை அரசாங்கமே தாயிடமிருந்து பிரித்துத் தூரத்து விடுதிகளில் சேர்த்தது. 1970-கள் வரை நீண்ட கொடுமை அது. ‘களவாடப்பட்ட தலைமுறையினர்’ என்று இன்று அவர்களைச் சொல்கிறார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

அதே மண்ணில் 1966 ஆகஸ்டில் வின்சென்ட் லிங்கியாரி என்ற மாடு மேய்ப்பவரின் தலைமையில் குரிஞ்சி இனத்து மேய்ப்பர்கள் சுமார் 200 பேர் வேவ் ஹில் பண்ணையை விட்டுக் குடும்பத்தோடு நடந்து வெளியேறினார்கள். கூலிக்காக ஆரம்பித்தது நிலத்துக்கான போராட்டமானது. 1975-ல் பிரதமர் கஃப் விட்லம் வந்து ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் உள்ளங்கையில் கொட்டினார்.

பாப்பா இதை ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னாள். மலைக்காரம்மாவுக்கு லிங்கியாரி பெயர் மனதில் நிற்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனது மட்டும் நின்றது. “தாயைப் புடுங்குனா பிள்ளை எந்த சாதியாவும் ஆயிடும்னு நெனச்சானுங்களா?” என்று கேட்டார். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணை நாள்

விசாரணைக்கு அதிகாரிகள் பட்டிக்கே வந்தார்கள். திருமானூரில் கிடையை ஆளிடம் விட்டுவிட்டு, முதல் பஸ் பிடித்து வந்திருந்தார் கிடைக்காரர். மலையிலிருந்து அம்மாயியும் ஊர்க்கவுண்டரும் இறங்கி வந்திருந்தார்கள். பஸ்ஸில் மகனோடு அப்பாயியும் வந்து இறங்கியதுதான் யாரும் எதிர்பார்க்காதது.

என்ன சாமி, என்ன சீர், காது குத்தியது எங்கே, மொட்டை போட்டது எந்தக் கோயில், திருவிழாவுக்கு வரி கொடுக்கிறார்களா. கேள்விகள் மரியாதையாகவே இருந்தன. ஊர்க்கவுண்டர் பதில் சொன்னார்: “மலையில வரி எழுதுற நோட்டுல இந்தப் புள்ள வீடும் இருக்குதுங்க.” பரியப் பசுவின் கதையும் வந்தது.

பிறகு அம்மாயி பழங்கதை ஒன்றை எடுத்தார். மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர். ஆளுக்கொரு மலை ஏறினார்கள். பச்சமலைக்கு வந்தவன் நடுவண்ணன். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல் தொகுதியிலும் இந்தக் கதை இருக்கிறது. மூன்று பேரும் வேறு வேறு சாதியில் பெண் எடுத்ததாகவே அதில் வருகிறது. அம்மாயிக்குத் தர்ஸ்டன் தெரியாது. “எங்க பாட்டனே கீழ இருந்து வந்தவந்தானுங்க. இவ அப்பனும் கீழ இருந்து வந்தவன். இதுல என்ன இருக்கு?” என்றார்.

கடைசியில் கிடைக்காரரிடம் கேட்டார்கள். உங்கள் சமூகத்தை விட்டுவிட்டுத் தாயின் சமூகத்தில் சான்று வழங்க உங்களுக்குச் சம்மதமா?

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பட்டி ஓரமாக உட்கார்ந்திருந்த தன் தாயைப் பார்த்தார். அப்பாயி எழுந்து முந்தானையை உதறினார். முகத்தில் கோபமா, வருத்தமா, சொல்ல முடியவில்லை.

“அப்ப நான் அவளுக்கு யாரு?” என்று கேட்டார்.

யாரிடமும் பதில் இல்லை. சட்டத்தில் அதற்கு ஓர் இடம் இருந்திருந்தால் அதிகாரியே சொல்லியிருப்பார். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த பாப்பா வாளியை வைத்துவிட்டு வந்தாள்.

“நீ என் அப்பாயி. அதுக்கு எந்த ஆபீஸ்லயும் எழுதி வாங்க வேண்டியதில்ல. இதுக்குத்தான் எழுதி வாங்கணும்.”

அப்பாயி அவளையே பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து, “போடுடா கையெழுத்த. புள்ள படிக்கட்டும்” என்றார். சொல்லிவிட்டு மாடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் கருப்பியின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார். அன்றைக்கு ராத்திரி அம்மாயியும் அப்பாயியும் ஒரே பாயில் படுத்திருந்தார்கள். இருபது வருஷத்தில் அது முதல் தடவை.

குறுஞ்செய்தி பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. பாறையிலிருந்து பாப்பா போட்ட சத்தத்தில் மாடுகள் மிரண்டன. பட்டியே ஓடிவந்து பார்த்தது. விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் அமர்ந்து அனுப்பினாள். நாமக்கல்லா, தலைவாசலா, ஒரத்தநாடா, எங்கே இடம் கிடைக்கும், கிடைக்குமா என்பதே தரவரிசைப் பட்டியல் வந்தால்தான் தெரியும். பிளஸ் டூ மார்க்குதான் கணக்கு. அது நன்றாகவே இருக்கிறது.

ஆனி கடைசியில் கிடை கிளம்பியது. அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகளுக்கு நடுவே, பிறகு காரை, குளக்கால்நத்தம் பக்கத்துச் செம்மண் ஓடைகள் வழியாக. ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம் அது. கல்லாகிப்போன நத்தை ஓடுகள் இப்போதும் மாட்டின் குளம்பில் இடறும். திருச்சி-சென்னை நான்குவழிச் சாலையை ராத்திரி இரண்டு மணிக்குக் கடந்தார்கள். முன்னால் அப்பா டார்ச் லைட்டோடு, பின்னால் பாப்பா. கல்லூரிக்குப் போய்விட்டால் அடுத்த வருஷம் நடக்க முடியாது என்று இந்த முறை பிடிவாதமாகத் திருமானூர் போய் உடன் நடந்து வந்தாள்.

கிளம்புகிற அன்று அப்பாயி ஒரு சந்தேகம் கேட்டாராம். “ஏம் பாப்பா, நீ டாக்டராயிட்டா மலைக்கு மட்டுந்தான் போவியா, நம்ம கிடைக்கும் வருவியா?”

“முதல்ல கிடைக்குத்தான் அப்பாயி. உன் மாட்டுக்குத்தான் வயித்துக் கோளாறு அதிகம்.”